குழந்தைகளோடு மலையேற்றமும் தொண்டும் ஒரே பயணத்தில்: சரிவருமா?

வழிப்போக்கன்:
மூன்று வார விடுமுறையில் பாதி நாள் நேபாளத்தின் எவரெஸ்ட் பாதையில் நடை, மீதி நாள் தன்னார்வப் பணி. பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது நல்ல திட்டம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

நிலாமதி:
வந்துவிட்டேன் :) சுற்றுலா விசாவில் போய் நேபாளத்தில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லாத தொண்டும் இதில் அடக்கம். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லும் ஏஜென்ட், பிடிபட்டால் போனை எடுக்க மாட்டார்.

அப்புறம் எங்கே தொண்டு? அநாதை இல்லம் என்றால் உடனே நிறுத்துங்கள். அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். பார்வையாளர் பணம் வருவதால்தான் ஊரிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இல்லத்தை நிரப்புகிறார்கள். இத்தகைய தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று 2019-ல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே சொல்லியிருக்கிறது.

வழிப்போக்கன்:
இல்லம் பக்கமே போக வேண்டாம், சரி. பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கலாமே? அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நிலாமதி:
உள்ளூர்ப் பெயின்டருக்கு. அவர் ஒரு நாளில் முடிப்பதை நீங்கள் ஒரு வாரம் இழுப்பீர்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல், ஈரம் காயாமல் அடித்தால் அடுத்த மழையில் உரிந்து விழும். பிறகு அவரையே கூப்பிட்டு மறுபடி செய்ய வேண்டும். அந்தக் கூலியை முதலிலேயே கொடுத்துவிடலாம்.

மருந்துப்பெட்டி:
சண்டைக்கு நடுவே உயரத்தை மறந்துவிட்டீர்கள். எவரெஸ்ட் பாதையில் அடுத்தடுத்துத் தங்கும் ஊர்களில் ஃபாக்டிங் சுமார் 2610 மீட்டர், நாம்சே 3440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம். 3000-க்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது விதி. அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு. அதற்கு மேலேயும் மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள். பத்து நாள் அட்டவணையில் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

சின்னப் பிள்ளைக்குத் "தலை வலிக்குது" என்று சரியாகச் சொல்லத் தெரியாது. காரணமில்லாத சிணுங்கல், சாப்பாடு வேண்டாம் என்பது, வாந்தி: வேறு காரணம் தெரியும்வரை உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவானாலும் உடனே இறக்குங்கள். இரத்த ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், குளிர்ந்த விரலில் தப்பாகக் காட்டும். உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான அசிட்டசோலமைடு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 2.5 மி.கி., 12 மணிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 125. முப்பது கிலோ பிள்ளைக்கு 75. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான்.

வெறிநாய்க்கடி ஊசியும் முன்கூட்டியே: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று, ஆக இரண்டு தவணை. அது போட்டிருந்தால் கடிபட்டபின் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப்பொருள் ஊசி) தேவைப்படாது, தடுப்பூசி மட்டும் போதும். மலைக்கிராமத்தில் அந்தக் குளோபுலின் கிடைப்பது பெரும்பாடு.

வழிப்போக்கன்:
அப்படியானால் அன்னபூர்ணா பக்கம்: கோரேபாணி கிராமம், அதன் மேலே பூன் ஹில் குன்று. தூங்குவது 2870 மீட்டரில், விடியலில் 3210 ஏறி இறங்கலாம். உயரப் பிரச்சினை பாதி தீர்ந்தது. தொண்டுப் பணியைக் கைவிட மனமில்லை.

நிலாமதி:
பயணத்தோடு கட்டாதீர்கள், வீட்டிலிருந்து செய்யுங்கள். 2015 நிலநடுக்கத்தின்போது ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகளையும் வீடுகளையும் வரைந்தார்கள். மீட்புக் குழுக்களுக்கு அது உதவியது. பெரிய பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டடங்களை வரையலாம். விசா வேண்டாம், யார் கூலியும் போகாது.

வழிப்போக்கன்:
திரையைப் பார்ப்பதும் நேரில் மனிதரைப் பார்ப்பதும் ஒன்றா?

நிலாமதி:
ஒன்றில்லை. ஆனால் நீங்கள் கேட்பது பிள்ளைகளின் அனுபவம், அந்த ஊருக்கு வேண்டியது வேறு. நேரில் மனிதரைப் பார்க்க, உள்ளூர் வழிகாட்டியையும் சுமைதூக்கியையும் அமர்த்தி நியாயமான கூலி கொடுங்கள். அவருக்குக் காப்பீடும் குளிருடையும் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மருந்துப்பெட்டி:
உங்கள் காப்பீட்டையும் பாருங்கள் சார். பல பாலிசிகளில் உயர வரம்பு உண்டு, ஹெலிகாப்டர் மீட்பு தனி விதி. உடலுழைப்புத் தொண்டில் காயம்பட்டால் பணம் தராதவையும் உண்டு. பிள்ளைகள் பெயரும் அதே பிரிவில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.