கோபிக்காக இரங்கலாமா? ‘பாக்கியலட்சுமி’ குறித்து ஒரு விவாதம்

கயல்விழி:
விஜய் தொலைக்காட்சியில் 2020 ஜூலையில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஓடிய ‘பாக்கியலட்சுமி’ முடிந்த பிறகும் என் கோபம் அடங்கவில்லை. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பிள்ளைகளின் தகப்பனான கோபி, கல்லூரிக் காலத்தில் காதலித்த ராதிகாவை மீண்டும் சந்திக்கிறார். மனைவி பாக்கியாவிடம் மறைத்துப் பழகுகிறார். அவருக்குப் படிப்பு போதாது, ஆங்கிலம் வராது என்று வீட்டில் ஓயாமல் மட்டம் தட்டுகிறார். கடைசியில், என்ன பத்திரம் என்றே சொல்லாமல் விவாகரத்து மனுவில் கையெழுத்து வாங்குகிறார். நம்பிக் கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகும் ‘பாவம் கோபி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் கேட்கிறேன். எதற்காக இந்த இரக்கம்?

வைகைக்கரையான்:
நான் அப்படி எழுதியவன்தான். இரங்குவது வேறு, மன்னிப்பது வேறு. காதலித்த பெண்ணைப் பிரித்துவிட்டு, பெற்றோர் பார்த்த பெண்ணோடு கட்டிவைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மனிதர் மனத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் காட்டுவது கதாசிரியரின் வேலை. காட்டாமல் விட்டால் அவர் வெறும் பொம்மை வில்லன். ராதிகாவையும் பாருங்கள். குடிகாரக் கணவனிடமிருந்து விலகி, மகள் மயூராவைத் தனியாக வளர்க்கிறவர். அவருக்கு ஒரு துணை வேண்டாமா?

கயல்விழி:
ராதிகாவுக்கு நானும் இரங்குகிறேன் அண்ணா. தன் தோழி பாக்கியாதான் கோபியின் மனைவி என்பது அவருக்கு முதலில் தெரியவே தெரியாது. அவரும் ஏமாற்றப்பட்டவர். ஒரு மனிதர் சொன்ன பொய்யில் இரண்டு பெண்கள் சிக்கினார்கள். ஆனால் கோபி ராதிகாவை மணந்த பிறகு கதை என்ன செய்தது? அந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே நிறுத்தி மோதவிட்டது. பொய் சொன்னவரை நடுவில் நிறுத்தி, விழிக்கவைத்து, வேடிக்கையான பின்னணி இசையும் போட்டது. என் வயிறு எரிவது அங்கேதான்.

செல்வி (பெரியகுளம்):
அந்த வேடிக்கை இசை வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று நான் சொல்கிறேன். என் மாமியாரோடு சேர்ந்துதான் இந்தத் தொடரைப் பார்த்தேன். முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டி ஆய்ந்துகொண்டே பார்ப்பார். பாக்கியாவுக்கு உண்மை தெரிந்த நாளில் கீரையை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, “படுபாவி” என்று சொல்லி அழுதார். அதே மாமியார், புது வீட்டில் கோபி வீட்டு வேலை செய்து திண்டாடும் காட்சிகள் வந்தபோது, “நல்ல சோறு போட்டவளை விட்டுவிட்டு இப்படிக் கஷ்டப்படுகிறானே” என்று உருகினார். பிறகு என்னைப் பார்த்து, “இவளும் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்” என்றார். பத்திரத்தில் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது அதற்குள் மறந்துபோயிற்று. எனக்குப் பேச்சே வரவில்லை.

ஒளிவட்டம்:
இதில் கதாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இது 2019இல் தொடங்கிய ‘ஸ்ரீமொயி’ என்ற வங்காளத் தொடரின் மறு ஆக்கம். இந்தியில் ‘அனுபமா’வும் அதே வேரில் வந்ததுதான். மூலக்கதை மனைவியின் எழுச்சிதான். ஆனால் தினத்தொடர் என்பது வாராவாரம் வரும் பார்வையாளர் கணக்கை வைத்து நீள்வது. ஐந்து ஆண்டுகள் ஒருவரை வெறுத்துக்கொண்டே யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் திரையில் இருந்தாக வேண்டும் என்றால், சிரிக்கவைத்தாக வேண்டும், கொஞ்சம் அழவைத்தாக வேண்டும். கோபியாக நடித்த சதீஷ்குமார் அதை மிக நன்றாகச் செய்தார் என்பதால் இன்னும் நீண்டது. கொரியாவின் ‘த வேர்ல்ட் ஆஃப் த மேரீட்’ (2020) பதினாறே பகுதிகள். காதலில் விழுந்தது குற்றமா என்று அந்தக் கணவன் கத்துவான். அந்தக் கத்தலுக்கு யாரும் இரங்கவில்லை, ஊரே வெகுண்டது. கடைசிப் பகுதியின் பார்வையாளர் விகிதம் அங்கே 28 சதவீதத்தைத் தாண்டியது. சீக்கிரம் முடிகிற கதையால் கணவனை நல்லவனாக்காமலே தாக்குப்பிடிக்க முடிகிறது.

நூலகன்:
கோபியைப் பார்த்துச் சிரிப்பது புதிதில்லை. குறுந்தொகை எட்டாம் பாட்டில் பரத்தை பேசுகிறாள். எங்கள் வீட்டில் பெருமை பேசிய ஆள், தன் வீட்டுக்குப் போனதும், கையைத் தூக்கினால் கையைத் தூக்கும் கண்ணாடிப் பாவைபோல், மகனின் தாய் சொன்னதையெல்லாம் செய்கிறானாம். ஆலங்குடி வங்கனார் எழுதியது. அந்தச் சிரிப்பில் இரக்கம் ஒரு துளியும் இல்லை. தொடரின் சிரிப்பு அவரைத் தட்டிக்கொடுக்கிறது. எனக்கு அந்த வேறுபாடு முக்கியம்.

கயல்விழி:
அப்படியானால் சிலம்பையும் பேசுவோம் ஐயா. கோவலனுக்கு இளங்கோ இரங்கவில்லையா? மாதவியைக்கூட ஓரிடத்திலும் இழிவுபடுத்தவில்லை. ஆனால் மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் கடிதத்தைப் படித்ததும் கோவலன், அவள் தீது இல்லாதவள், தீது என்னுடையது என்று உணர்கிறான். பழியைத் தன் தலையில் ஏற்ற பிறகுதான் அவன்மேல் எனக்குப் பரிவு வருகிறது. கோபி ராதிகாவோடு பழகிய காலம் முழுவதும் பழியைப் பாக்கியாவின் தலையில்தானே போட்டார்?

வைகைக்கரையான்:
முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்களே தங்கச்சி. செல்வமெல்லாம் தொலைத்து வீட்டுக்கு வந்த அன்று கோவலன் மாதவியைத்தானே வஞ்சகி என்றான்? கடிதம் வந்த பிறகுதான் மாறினான். ஒரு மனிதன் மாறுவதற்கு இளங்கோவே அவகாசம் கொடுத்திருக்கிறார். கோபியும் பிற்பாடு பாக்கியாவிடம் மன்னிப்புக் கேட்கிறார். நீங்கள் அந்தக் காட்சியையே பார்க்க மறுக்கிறீர்கள்.

செல்வி (பெரியகுளம்):
எப்போது கேட்டார் அண்ணா? உடம்பு விழுந்த பிறகு. காப்பாற்ற பாக்கியாதான் வரவேண்டியிருந்தது. கண்ணகியாவது நீங்கள் செய்தது போற்றத்தகாத ஒழுக்கம் என்று கோவலன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். பாக்கியாவும் விவாகரத்தைத் துணிந்து கொடுத்தார், சமையல் தொழிலில் தன் காலில் நின்றார், அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பகுதிகளுக்காகவே தொடரை விடாமல் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகும் வீட்டுப் பெரியவர்கள் ‘நீ விவாகரத்துக் கொடுத்ததால்தான்’ என்று அவரையே குத்தினார்களே, அதற்கு எந்த இசையைப் போட்டார்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். கோபியின் மூத்த மகன் செழியன், மனைவி ஜெனி இருக்கும்போது மாலினியோடு பழகினானே, அவனுக்காக யாராவது இரங்கினீர்களா? என் மாமியார்கூட இரங்கவில்லை.

வைகைக்கரையான்:
இரங்கவில்லை. அவனுக்கு ராதிகாபோல ஒரு பழைய காதல் இல்லை. அது வெறும் சபலம்.

கயல்விழி:
ஜெனிக்கு இரண்டும் ஒன்றுதானே அண்ணா? கணவன் பழைய காதலியிடம் போனாலும் புதியவளிடம் போனாலும், ஏமாந்து உட்கார்ந்திருப்பவள் மனைவி. பழைய காதல் என்ற முன்கதையைக் கோபிக்குக் கொடுத்ததும் நாம் நியாயத் தராசையே மாற்றிவிட்டோம். பாக்கியாவுக்கும் திருமணத்துக்கு முன் ஒரு மனம் இருந்திருக்கும். அவர் யாரை நினைத்திருந்தார், என்ன படிக்க ஆசைப்பட்டார் என்பதற்குக் கோபியின் காதலுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது கொடுத்தார்களா?

வைகைக்கரையான்:
அந்தக் கேள்வி நியாயமானது. கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் கோபியின் கதையைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். பாக்கியாவின் கதையைக் கூட்டச் சொல்வேன்.

செல்வி (பெரியகுளம்):
அரை மணி நேரம்தானே அண்ணா கொடுக்கிறார்கள்? அதில் ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைத்துத்தான் ஆகவேண்டும்.