எந்த லீவுல ஆர்லாண்டோ போனீங்க? போய் வந்தவங்க சொல்லுங்க

டல்லஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பையன் ரெண்டாம் கிளாஸ், பொண்ணு ப்ரீ-கே. ரெண்டு வருஷமா "டிஸ்னி வேர்ல்ட் எப்போ, டிஸ்னி வேர்ல்ட் எப்போ"ன்னு ஒரே நச்சரிப்பு. இந்தத் தடவை ஆர்லாண்டோவுக்குக் கூட்டிட்டுப் போயே ஆகணும். கையில இருக்கறது மூணு லீவு: மார்ச் ஸ்ப்ரிங் பிரேக், கோடை லீவு, நவம்பர் தேங்க்ஸ்கிவிங் வாரம். டிசம்பர் கடைசி வாரம்னு வீட்டுக்காரர் நாலாவதா ஒண்ணு சொல்றார். அப்போ அவர் ஆபீஸே ஷட்டவுன், அவர் தனியா லீவு எழுத வேண்டாம், அதான் காரணம்.

மே நடுவுல ஊர்லேருந்து அப்பா அம்மா வர்றாங்க, ஆறு மாசம் இருப்பாங்க. அவங்களையும் அழைச்சிட்டுப் போகணும்னு எனக்கு ஆசை. ஆனா அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டம் எப்போ கம்மின்னு தேடிப் பார்த்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நேர்ல போனவங்க சொல்லுங்க: எந்த லீவுல போனீங்க, மறுபடி அதே லீவுல போவீங்களா? அது போதும்.

எடிசன்வாசி:

நாங்க நியூஜெர்சி. நவம்பர் தொடக்கத்துல ஒரு வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் எங்க ஊர்ல டீச்சர்ஸ் மாநாடு, ஸ்கூலுக்கு லீவு. பக்கத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோ ஒட்டவெச்சா ஒரு ட்ரிப் தேறிடும். மத்த மாநிலத்துல எல்லாம் ஸ்கூல் நடக்கும், நாம மட்டும் ராஜா மாதிரி போயிட்டு வரலாம்னு கிளம்பினோம். நெவார்க் ஏர்போர்ட் கேட்லயே தெரிஞ்சு போச்சு. என் பையன் கிளாஸ்லேருந்து மட்டும் மூணு பேர், அதே ஃப்ளைட். அங்கே இதுக்கு 'ஜெர்சி வீக்'னே பேர் வெச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரியும்.

இருந்தாலும் கூட்டம் தாங்கற மாதிரிதான் இருந்துச்சு. வெயில் இல்ல, வேர்வை இல்ல, டிஸ்னியோட மேஜிக் கிங்டம் பார்க் வாசல்ல இருக்கற மெயின் ஸ்ட்ரீட்ல அதுக்குள்ள கிறிஸ்துமஸ் அலங்காரம். நான் பண்ணின தப்பு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. அங்கே சில நாள் ராத்திரி நடக்கற கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குத் தனி டிக்கெட். பார்ட்டி நாள்ல சாதாரண டிக்கெட்காரங்க சாயங்காலம் 6 மணிக்கு மேஜிக் கிங்டம் விட்டுக் கிளம்பிடணும். ராத்திரி வரைக்கும் இருக்க முடியாதுங்கறதால பகல்ல ஆள் கம்மியா இருக்கும்னு எங்கேயோ படிச்சு, வேணும்னே அந்த நாளா எடுத்தேன். பகல் அருமை, படிச்சது பொய் இல்ல. 6 மணிக்குப் பார்ட்டிக்காகக் கையில பட்டை கட்டினவங்க எல்லாம் உள்ளே வர, நாங்க வெளியே போறோம். பொண்ணு கோட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு, "வாணவேடிக்கை?"ன்னு கேட்டா பாருங்க. நாங்க வாங்கினதே அந்த ஒரு நாள் டிக்கெட்தான். ரெண்டு நாள் போறவங்களுக்கு பார்ட்டி நாள் சரி. ஒரு நாள் போறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

ஸ்காபரோ:

ஒன்ராறியோவில எங்களுக்கு மார்ச் பிரேக் எண்டா அநேகமா முழு மாகாணத்துக்கும் ஒரே கிழமைதான். நாங்கள் காரிலயே வெளிக்கிட்டனாங்கள். ஐ-75 பிடிச்சு இருபது மணித்தியாலத்துக்கு மேல ஓட்டம், இடையில ஓரிரவு தங்கல். ஜோர்ஜியாவில பெற்றோல் அடிக்க நிண்டால் பக்கத்துப் பம்பிலயும் எங்கட மாகாண நம்பர் பிளேட். அந்த மனுசன் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிச்சார், நானும் சிரிச்சன். அப்பவே விளங்கியிட்டுது எங்க எல்லாரும் போகினம் எண்டு.

உள்ளுக்க சரியான சனம். ரெக்சஸ் பிள்ளையளுக்கும் அந்த மாசம்தான் விடுமுறை, யூனிவேர்சிட்டிப் பெடியளும் அதே மாசம். ஆனா உண்மையைச் சொல்லோணும்: வாசல்ல பனி வழிச்சுப்போட்டு வெளிக்கிட்ட எங்களுக்கு, அரைக்கைச் சட்டையோட லைன்ல நிக்கிறதே பெரிய சந்தோசம். பிள்ளையள் ஹோட்டல் நீச்சல் குளத்தை விட்டு வரமாட்டம் எண்டு நிண்டதுகள். நாங்கள் திரும்பவும் மார்ச்சிலதான் போவம். அக்கா, உங்களுக்கு டல்லஸில வழிக்கப் பனி இல்லை. நீங்கள் ஏன் வந்து எங்களோட நெருக்குப்படோணும்?

ஷட்டவுன் பலியாடு:

உங்க வீட்டுக்காரர் சொன்ன அதே காரணத்துக்காக அதே வாரம் போனவன் நான். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவுல. வருஷத்துலயே நெரிசலான வாரம் அதுதான். டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும், அந்த வாரம் உச்சத்துல நிக்கும். ஒரு ரைடு வாசல்ல 180 நிமிஷம்னு போட்டிருந்ததைப் பார்த்து, 18.0ன்னு படிச்சுக்கிட்டு உள்ளே போனவன்கூட நான்தான். காலையில ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லா. மத்தியானம் அத்தனையும் ஸ்ட்ரோலர்ல மலை மாதிரி. குழந்தைக்கு உட்கார இடம் இல்ல, என் தோள்ல. மிச்சம் பண்ணின அஞ்சு நாள் லீவை வீட்டுக்கு வந்து முதுகு வலிக்குப் போட்டேன். அவர்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க.

டல்லஸ் அம்மா:

படிச்சுக் காட்டிட்டேன். டிசம்பர் கேன்சல். தேங்க்ஸ்கிவிங்?

ஷட்டவுன் பலியாடு:

அதுக்கு டிசம்பரோட தம்பின்னு பேர். மொத்த நாட்டுக்கும் ஒரே சமயத்துல லீவு, ஃப்ளைட் டிக்கெட்டும் எகிறும்.

பாஸ்டன் அப்பா:

மாசசூசெட்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மார்ச்சில் ஸ்ப்ரிங் பிரேக் என்று ஒன்று கிடையாது. பதிலாகப் பிப்ரவரியில் பிரசிடெண்ட்ஸ் டே வாரம், ஏப்ரலில் பேட்ரியட்ஸ் டே வாரம். இரண்டிலும் போயிருக்கிறேன்.

பிப்ரவரி வாரத்தில் வேறு மாநிலத்துக்காரர்களும் அந்தத் திங்கட்கிழமையோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஏப்ரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஏப்ரல் நல்லதா கெட்டதா என்பது ஈஸ்டர் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, எங்கள் லீவு ஏப்ரல் 15இல் ஆரம்பம். பெரும்பாலான ஊர்க்காரர்கள் வந்து போய் முடித்திருந்தார்கள். காலை திறப்பதற்கு அரை மணி முன்னதாக வாசலில் நின்றோம், பதினொரு மணிக்குள் பெரிய ரைடுகள் நாலும் முடிந்தன. அந்தத் தெம்பில் என் மைத்துனர் குடும்பத்தை "கண்ணை மூடிக்கொண்டு ஏப்ரலில் போங்கள்" என்று அடுத்த வருடம் அனுப்பி வைத்தேன். 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20, எங்கள் லீவு மறுநாளே. ஈஸ்டர் கூட்டம் முழுதாக வடியாத நேரம். மைத்துனர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அதனால் நான் இப்போது நம் பள்ளி நாட்காட்டியைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த வாரம் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் பார்க்கிறேன். நியூயார்க், டெக்சஸ், ஜார்ஜியா என்று நாலைந்து பெரிய பள்ளி மாவட்டங்களின் நாட்காட்டிகளைத் திறந்து வைத்தால் அரை மணி நேர வேலை.

அரை இன்ச்:

லீவு எல்லாம் பார்த்து முடிச்சிட்டீங்களா? சுவத்துல குழந்தையோட உயரத்தைப் பாருங்க. எங்க பையன் அஞ்சு வயசு, ஸ்பேஸ் மவுண்டன் ரைடுன்னா பைத்தியம். அதுக்கு 44 இன்ச் வேணும். வீட்டுல ஷூவோட நிக்கவெச்சு அளந்தப்போ 44 இருந்துச்சு, நம்பிப் போனோம். அங்கே குச்சியைத் தலைக்கு நேரா வெச்சாங்க. தலைமுடிக்கும் குச்சிக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. ரெண்டாவது தடவை நிமிர்ந்து நின்னான், குதிகாலை லேசா தூக்கினான், அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே தோளைத் தொட்டு இறக்கினா. வீட்டுக்கு வந்து சரியா அளந்தா 43½. நான்தான் டேப்பைத் தளர்வா பிடிச்சிருக்கேன்.

நாலு மாசம் தள்ளி அடுத்த லீவுல போயிருந்தா அந்த அழுகை இல்ல. உங்க பொண்ணு 38 இன்ச் தாண்டிட்டாளா? தாண்டியிருந்தா செவன் டுவார்ஃப்ஸ் ட்ரெயின்ல ஏறலாம். இன்னொண்ணு, மூணு வயசுக்குள்ள டிக்கெட்டே கிடையாது, பத்து வயசு ஆனா பெரியவங்க டிக்கெட். பிறந்தநாள் பக்கத்துல வர்ற லீவுன்னா பிறந்தநாளுக்கு முன்னாடி போறதா, பின்னாடி போறதான்னு யோசிங்க.

டல்லஸ் அம்மா:

இப்பதான் அளந்தேன், ஷூ இல்லாம. 39. பையன் 48. நன்றிங்க!

ஸ்கூலுக்கு ஒரு வாரம் மட்டம் போட்டுக் கூட்டிட்டுப் போனவங்க இருக்கீங்களா?

பெயர் வேண்டாம்:

நான் போட்டேன், செப்டம்பர்ல. லீவு எடுத்த காரணத்தை உண்மையா எழுதினேன், அனுமதி இல்லாத விடுப்புன்னு கணக்குல ஏத்திட்டாங்க. ரூல்ஸ் ஊருக்கு ஊர் மாறும், கேட்டுட்டுச் செய்யுங்க. பார்க் காலியாத்தான் இருந்துச்சு. ஆனா அது புயல் சீசனோட உச்சம். ட்ரிப்புக்கு முந்தின வாரம் பூரா புள்ளைங்க ஹோம்வொர்க் பண்ணாங்க, நான் வானிலை வரைபடத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹூஸ்டன் மீனாட்சி வீடு:

தங்கச்சி, நாங்களும் டெக்சஸ்தான், உனக்கு நேரா பதில் சொல்றேன். பாஸ்டன்காரர் சொன்னதை நமக்குப் பொருத்திப் பாரு. நம்ம ஸ்கூல் மே கடைசியில மூடிடும். நியூயார்க், நியூஜெர்சி பக்கமெல்லாம் ஜூன் மூணாவது வாரம், நாலாவது வாரம் வரைக்கும் ஓடும். அதனால மே கடைசித் திங்கக்கிழமை வர்ற மெமோரியல் டே கழிஞ்சதும் வர்ற நாட்கள் நமக்குன்னே விட்டுவெச்ச மாதிரி. புளோரிடா பிள்ளைங்களுக்கும் அப்போ லீவுதான், காத்து வாங்கும்னு நெனச்சுக்காதே. ஆனா ஜூலை மாதிரி இருக்காது. இதையே திருப்பிப் போட்டா, வடக்கத்திக்காரங்களுக்கு ஆகஸ்ட் கடைசி ரெண்டு வாரம் நல்லது, அப்போ நம்ம பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும்.

நாங்க மாமியாரோட போனோம். வெயில் உண்டு, மறைக்க மாட்டேன். மத்தியானம் மூணு மணி வாக்குல இடி இடிச்சா வெளியில இருக்கற ரைடை எல்லாம் நிறுத்திடுவாங்க. ஜனம் பாதி வெளியே ஓடும், நாம ஓடாம இருந்தா நமக்கு லாபம். மாமியாருக்கு வாசல்லயே வீல்சேர் வாடகைக்கு எடுத்துட்டோம். முதல்ல "எனக்கென்ன, நான் நடப்பேன்"னாங்க. அரை மணி கழிச்சு வீல்சேர்ல உட்கார்ந்துக்கிட்டு "இடது பக்கம் போ"ன்னு எங்களுக்கு வழி சொன்னாங்க. வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம், கண்ணாடி பாட்டில் கூடாது. புளியோதரையை ஜிப்லாக் கவர்ல கட்டி எடுத்துட்டுப் போ, கூடவே சிப்ஸ். பெரிய ரைடுக்கு 'ரைடர் ஸ்விட்ச்' கேளு. ஒருத்தர் சின்னக் குழந்தையோட வெளியில இருக்க, மத்தவங்க போயிட்டு வந்ததும் அவங்களுக்கு மறுபடி முழு லைன் நிக்க வேண்டாம்.

டல்லஸ் அம்மா:

போயிட்டு வந்துட்டோம்! மெமோரியல் டேக்கு அடுத்த புதன், வியாழன். ஹூஸ்டன் அக்காவுக்கு ஒரு கும்பிடு.

காலையில பத்து மணிக்குள்ள ரெண்டு பெரிய ரைடு, வெயில் ஏறினதும் உள்ளே ஏசியில இருக்கறது, இதுதான் திட்டம். அப்பா அம்மா ஊர்லேருந்து வந்து ரெண்டே வாரம், ராத்திரி தூக்கம் இன்னும் சரியாகல, விடியக்காலம் நாலு மணிக்கே குளிச்சு ரெடி. எங்களை எழுப்பினதே அவங்கதான். ஜெட்லாக்கால ஒரு நல்லதும் நடந்துச்சு.

மூணரைக்கு வானம் கறுத்துச்சு, சொல்லிவெச்ச மாதிரி. கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ்ங்கற ஷோவுல போய் உட்கார்ந்தோம். 1964ல நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செஞ்சதாம் அது. மேடை அப்படியே இருக்கும், நாம உட்கார்ந்திருக்கற இடம் மெதுவா சுத்தும். குளிர்ச்சி, இருட்டு, மெத்தை சீட். அம்மா முதல் காட்சியிலயே தூங்கிட்டாங்க. வெளியே வந்தப்போ மழை விடல, மறுபடி உள்ளே போனோம், மறுபடி தூங்கினாங்க. பையனுக்கு அதுல வர்ற பாட்டு மனப்பாடம். பொண்ணு 39 இன்ச்சைப் பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு செவன் டுவார்ஃப்ஸ்ல ரெண்டு தடவை போனா.

கஷ்டமும் உண்டு. மழைக்கப்புறம் தரையிலேருந்து ஆவி மாதிரி எழுந்துச்சு, அம்மாவோட காட்டன் புடவை உடம்போட ஒட்டிக்கிச்சு, வாணவேடிக்கை வரைக்கும் அவங்களால முடியல. கிளம்பி ஃபெர்ரில ஏறினோம். பாதி ஏரி தாண்டினப்போ பின்னாடி வெடிக்க ஆரம்பிச்சுது. படகுல இருந்தவங்க எல்லாம் ஒரே பக்கம் வந்துட்டாங்க. அம்மா வீல்சேரைக் கம்பி ஓரமா தள்ளி நிறுத்தினோம், தண்ணியிலயும் அதே வெளிச்சம்.

அப்பா அதைப் பார்க்கல. என் போன்ல நீங்க எழுதினதை எல்லாம் படிச்சிட்டிருந்தார். "நாங்க கிளம்பறது நவம்பர் நடுவுல. இந்த ஜெர்சி வீக்குங்கறது அதுக்கு முன்னாடி வருதா?"ன்னு கேட்டார். வீட்டுக்காரர் ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கிட்டார்.