20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் போதும்ங்கிறது யாரு கணக்கு?

ஆம்பை டைபோல்: ஹாம் செட்டு (அமெச்சூர் ரேடியோ) ரிப்பேருக்கு 20 மெகாஹெர்ட்ஸ் பழைய அனலாக் ஸ்கோப் (அலையைத் திரையில காட்டுற ஆசிலாஸ்கோப்) தாராளம், 100 மெகாஹெர்ட்ஸ் வீண் செலவுன்னு பாளை வால்வு அண்ணாச்சி எழுதியிருக்காவ. படிச்சதுல இருந்து மனசு ஆறல. 20 மெகா ஸ்கோப்புல 20 மெகாவுக்கு வரும்போது 10 வோல்ட் அலை 7 வோல்ட்டாத்தான் தெரியும். 14 மெகாவுலயே அஞ்சுல ஒரு பங்கு போயிரும். ஆண்டெனாவுக்குப் பதிலா மாட்டுற டம்மி லோடுல 10 வாட் வந்தா, அலையை அளந்து கணக்குப் போட்டா 7 வாட்டுகூட வராது. நல்லா இருக்க ஃபைனலை, பவர் குடுக்குற கடைசி டிரான்சிஸ்டரை, கழட்டி எறியச் சொல்லுதியளா?

பாளை வால்வு: பவருக்கு வாட்மீட்டர் இருக்கு வே. ஸ்கோப்பு அலையோட வடிவம் பாக்க. மைக்ல 700, 1900 ஹெர்ட்ஸ் ரெண்டு டோனையும் சேத்துக் குடும். என்வலப் (அலையோட வெளிக்கோடு) உச்சி தட்டையானா டிரைவ் (உள்ள குடுக்குற சிக்னல்) கூடிப்போச்சு. 7 மெகாவுல அதைப் பாக்க 20 போதும். மெமரி கம்மியான டிஜிட்டல்ல டைம்பேஸை (கோடு ஓடுற வேகம்) மெதுவா வச்சா சாம்பிளிங் (நொடிக்கு எத்தனை தடவை அளக்குதுங்கிறது) விழுந்து, இல்லாத அலையைக் காட்டும். அனலாக்ல அந்தப் பொய் கிடையாது.

ஆம்பை டைபோல்: 7 மெகாவை விட்டு வெளிய வாங்க. மைக்ரோபிட்எக்ஸ்ங்கிற ஹாம் செட்டுல முதல் ஐ.எஃப். (உள்ள மாத்திக்கிற இடைநிலை அலைவரிசை) 45 மெகா. 7 மெகா கேக்கணும்னா அலை உண்டாக்குற ஆசிலேட்டர் 45ம் 7ம் சேத்து 52ல ஓடணும், 28க்கு 73ல. உங்க 20ல அதை எங்கன பாப்பிய?

பாளை வால்வு: அலையை டிசி வோல்ட்டா மாத்துற டையோடு ப்ரோபும் மல்டிமீட்டரும் சொல்லும். 20 போதும்.

கடையம் காயில்: ரெண்டு பேரும் ஸ்கோப்போட ப்ரோபை (தொட்டு அளக்குற முனை) மறந்துட்டிய. சிக்னலை அப்படியே விடுற 1எக்ஸ்ல வச்சா 100 பிகோஃபாரட் சுமை, 7 மெகாவுல 230 ஓம் கிட்ட. தொட்டதுமே ஆசிலேட்டர் நின்னுரும். பத்துல ஒண்ணாக் குறைக்கிற 10எக்ஸ்ல வச்சு, ஸ்கோப்போட சதுர அலையில மூலை நேராகுற வரைக்கும் ப்ரோபோட ட்ரிம்மர் திருகைத் திருப்பணும்.

பாளை வால்வு: முன்ன ஸ்கோப்போட பிளக்குல எர்த் பின்னை வெட்டச் சொன்ன ஆளுதானே நீரு? ப்ரோபோட கிரவுண்ட் கிளிப் எர்த்தோட சேந்தது. எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை) பிரைமரியில, அதாவது கரண்ட் லைனோட சேந்த பக்கத்துல, மாட்டினா பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்குற டையோடு) வெடிக்கும். பின்னை வெட்டினா ஸ்கோப்பு பாடியே லைன்ல நிக்கும், தொட்டவன் கதி?

கடையம் காயில்: வெட்டச் சொல்லல. லைனைப் பிரிச்சு விடுற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்னுதான் சொன்னேன்.

பாளை வால்வு: அதையும் ஸ்கோப்புக்குப் போடச் சொன்னீரு. ரிப்பேர் பாக்குற செட்டுக்குப் போடணும் வே.

ஆம்பை டைபோல்: பேச்சை மாத்தாதிய. குத்தாலச் சாரல் காத்துல பழைய அனலாக்கோட ரோட்டரி ஸ்விட்ச் பச்சை பூத்துரும். அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற ஸ்விட்ச்) ரேஞ்சு மாத்துறப்பல்லாம் கோடு துள்ளும். ஸ்கோப்பைச் சரி பண்ணவே இன்னொரு ஸ்கோப்பு வேணும். 52 மெகாவுக்குப் பதில் இன்னும் வரல.

பாளை வால்வு: கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பத்து தடவை திருப்பும், போயிரும். 52க்குப் பதில் சொல்லியாச்சு.

ஆம்பை டைபோல்: டையோடு ப்ரோப் வோல்ட் இருக்குன்னுதான் சொல்லும். அலை சுத்தமா இருக்கா, 45 கலந்து வருதான்னு சொல்லாது. 100தான் வேணும்.

பாளை வால்வு: 20 போதும்.