புதுப்பிப்பு: பழைய பந்தய விளையாட்டு ஓடத் தொடங்கிவிட்டது

யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி மீண்டும் திறந்த 2002 இல் பெரியப்பா கொழும்பிலிருந்து வாங்கிவந்த கார்ப் பந்தய இறுவட்டு என் புதிய மடிக்கணினியில் நிறுவ மறுக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். இப்போது அது ஓடுகிறது.

பிழை விளையாட்டில் இல்லை. விளையாட்டு 32 பிட் நிரல்தான், அதைப் புதிய விண்டோஸும் இயக்கும். ஆனால் அதை நிறுவும் சிறு நிரல் அதற்கும் பழைய 16 பிட்டில் எழுதப்பட்டிருந்தது. என் மடிக்கணினியிலுள்ள 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை இயக்காது என்பதால், பழைய நிரல்களுக்கென விண்டோஸில் உள்ள இணக்கப் பயன்முறையை எத்தனை தரம் மாற்றியும் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றி, அதனுள் விளையாட்டை நிறுவி, உருவான கோப்புறையை முழுதாக மடிக்கணினிக்குப் பிரதிசெய்தேன். விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவகத்திலிருந்த சில வரிகளையும் கொண்டுவர நேர்ந்தது. 64 பிட் விண்டோஸில் அவை வாவ்6432நோட் என்னும் கிளையின் கீழ் இருக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு இரவுகள் போயின.

முதன்முறை திறந்தபோது வீதி ஊதா நிறத்திலும் வானம் பச்சையாகவும் தெரிந்தன. 256 வண்ணங்கள் கொண்ட பழைய வண்ணத்தட்டைப் புதிய விண்டோஸ் குழப்பிவிடுகிறது. சிஎன்சி-டிடிரோ என்னும் இலவச மென்பொருளின் கோப்புகளை விளையாட்டின் கோப்புறையில் இட்டதும் நிறங்கள் சீராகின.

டொஸ்பொக்ஸைப் பரிந்துரைத்த தம்பிக்கு: அது விண்டோஸுக்கு முந்தைய டொஸ் இயங்குதளத்தின் விளையாட்டுகளுக்கானது, இதற்கு உதவாது. எனினும் 'பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா' அதில் அருமையாக ஓடுகிறது. வேகம் மிஞ்சினால் கொன்ட்ரோலுடன் எஃப்11 ஐ அழுத்திக் குறைக்கலாம்.

இசை மட்டும் இன்னும் வரவில்லை. அது இறுவட்டிலேயே ஒலித்தடங்களாகப் பதியப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வாங்கிய யூஎஸ்பி இறுவட்டுச் செலுத்தியோ கீறல் விழுந்த அந்தப் பகுதியில் திக்கித் திக்கி நிற்கிறது.