புது ரேம் போட்டதிலிருந்து டெஸ்க்டொப் நின்று நின்று போகிறது, மதர்போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

உவர்மலை டைப்பிங்:
வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே டைப்செட்டிங் செய்கிறேன். பாடசாலை வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் இந்த ஒரு டெஸ்க்டொப்பில்தான். இன்டெல் ஐ5 6500, எச்110 மதர்போர்ட், ரேம் ஸ்லொட் இரண்டு. முதலில் இருந்தது டிடிஆர்4 8 ஜிபி, வேகம் 2133. இன்டிசைனும் போட்டோஷொப்பும் சேர்த்துத் திறந்தால் இழுபட்டுக்கொண்டே இருந்ததால் டவுனில் ஒரு கடையில் கொடுத்து இன்னொரு 8 ஜிபி போட்டேன், அது 3200. வின்டோஸ் 16 ஜிபி என்று சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் அன்றிலிருந்து பெரிய பிடிஎப் திறந்தால் அப்படியே உறைந்துவிடும், இல்லாவிட்டால் நீலத் திரை. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், அடுத்த தடவை பேஜ் ஃபால்ட், பிறகு வேறு ஏதோ. காலையில் போடும்போது சில நாள் ஃபேன் மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராது, நிறுத்திப் போட்டால் வரும். கடையில் போர்ட் செத்துவிட்டது, பழைய போர்ட் ஒன்று தேடி மாற்ற வேண்டும் என்கிறார்கள். தவணைப் பரீட்சை நெருங்குகிறது, வினாத்தாள் வேலை குவிந்து கிடக்கிறது. காசு செலவழிக்க முன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.

நிலாவெளி:
2133உம் 3200உம் கலந்ததுதான் காரணம் அக்கா. ஒரே கம்பனி, ஒரே வேகம் இல்லாவிட்டால் இப்படித்தான் வரும். புதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2133 ஒன்று தேடி வாங்குங்கள்.

உப்புவெளி ரிப்பேர்:
அவசரப்பட்டு ஒன்றையும் திருப்பிக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. நிலாவெளித் தம்பி சொல்வதில் பாதிதான் சரி. வேகம் வேறு வேறான இரண்டு ரேமைச் சேர்த்துப் போட்டால் போர்ட் இரண்டையுமே தாங்கக்கூடிய குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடும். உங்கள் ஐ5 6500க்கு இன்டெல் சொல்லும் உச்சமே 2133தான், ஆகவே அந்த 3200 தனியாக இருந்தாலும் உங்கள் மெஷினில் 2133இல்தான் ஓடும். இரண்டுமே 1.2 வோல்ட். கலந்து போட்டால் ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்லலாமே தவிர ஊகத்தில் சொல்ல முடியாது.

நீலத் திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வருகிறது என்றீர்களே, அது ரேம் பக்கம்தான் கை காட்டுகிறது. ஒரு டிரைவர் மென்பொருள் கெட்டிருந்தால் பெரும்பாலும் அதே பிழை, அதே ஃபைல் பெயரோடு திரும்பத் திரும்ப வரும். நினைவகத்தில் எழுதியது ஒன்று, திரும்ப வாசிப்பது இன்னொன்று என்று இருந்தால் அந்த நேரம் எந்த புரோகிராம் அந்த இடத்தைத் தொட்டதோ அதுதான் விழும்.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற புரோகிராம் இலவசம், ஒரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்து மெஷினைத் தொடங்குங்கள். முதலில் பழைய ரேமை மட்டும் முதல் ஸ்லொட்டில் போட்டு ஓட விடுங்கள், பிறகு அதையே இரண்டாம் ஸ்லொட்டில், பிறகு புதியதை அதேபோல இரண்டிலும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. 8 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகலாம், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் அது பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. பிழை ரேமோடு சேர்ந்து போனால் ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லொட்டில்தான் வருகிறது என்றால் ரேமில் குற்றமில்லை.

கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேசிங்கின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் ரேமில் கை வைக்க வேண்டும். நம்முடைய ஊரில் கடற்காற்றுக்கு ரேமின் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், வாடைக் காலத்தில் இன்னும் மோசம். ஐசோப்ரொபைல் அல்கஹோலை நூல் உதிராத துணியில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், படலத்தை எடுக்கப் போய் இன்னொரு படலம் பூசியதாக ஆகிவிடும். ஸ்லொட்டுக்குள் வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் போகும்.

சீனக்குடா:
பவர் சப்ளையையும் பாருங்கள். வின்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று பதிவு இருந்தால் பவர் சப்ளைதான். இங்கே கரண்ட் வந்து வந்து போகிற போக்கில் முதலில் போவது அதுதான்.

உப்புவெளி ரிப்பேர்:
அண்ணா, பவர் சப்ளையையும் பார்க்கத்தான் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் 41 என்பது மெஷின் ஒழுங்காக நிறுத்தப்படாமல் மறுபடி தொடங்கியது என்ற பதிவு மட்டும்தான், உறைந்துபோய் நாமே பட்டனை அமுக்கி நிறுத்தினாலும் அது விழும். மெஷின் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்புத் திரையில் 12 வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள் தங்கச்சி, 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தால் அங்கே பெரிய குறை தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு ரேம் சோதனையை முடிக்கலாம்.

கிண்ணியா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் நானா. என்னுடையது நாலாம் தலைமுறை இன்டெல், எச்81 போர்ட். ஒன்லைனில் டிடிஆர்3 8 ஜிபி ஒன்று மிக மலிவாகக் கிடக்கிறது, கீழே 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. போடலாமா?

உப்புவெளி ரிப்பேர்:
வேண்டாம் தம்பி. அந்த மலிவு ரேம்களில் இருப்பது 4 பிட் சிப்கள், இன்டெல் டெஸ்க்டொப் புரொசெசர்கள் 8 அல்லது 16 பிட் சிப் உள்ள ரேமைத்தான் ஏற்கும். உங்கள் போர்டில் அது தொடங்கவே தொடங்காது. சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 வாங்குங்கள், 1.35 வோல்ட் டிடிஆர்3எல் என்றாலும் ஓடும்.

உவர்மலை டைப்பிங்:
எல்லோருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகச் செய்தேன். 12 வோல்ட் 12.1 காட்டுகிறது. பழைய ரேம் முதல் ஸ்லொட்டில் விடிய விடிய ஓடியது, பிழை இல்லை. புதியதும் முதல் ஸ்லொட்டில் சுத்தம். இரண்டாம் ஸ்லொட்டில் பழையதைப் போட்டால் திரையே வரவில்லை, மறுபடி அழுத்திப் போட்டபோது வந்தது, மெம்டெஸ்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு வரிகள் கொட்டத் தொடங்கிவிட்டன. புதியதைப் போட்டாலும் அதே கதை. பற்களையும் துடைத்தேன், ஸ்லொட்டை டோர்ச் அடித்தும் பார்த்தேன், தூசு கூட இல்லை. அப்படியென்றால் கடைக்காரர் சொன்னதுதான் சரியா அண்ணா, போர்ட்தானா?

உப்புவெளி ரிப்பேர்:
இன்னும் அந்த முடிவுக்கு வர முடியாது. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், இரண்டு ரேமும் நல்லது என்பது உறுதியாகிவிட்டது. இரண்டு ஸ்லொட் போர்டில் முதல் ஸ்லொட் ஒரு சனல், அதாவது புரொசெசருக்குப் போகும் ஒரு தனிப் பாதை, இரண்டாவது இன்னொரு சனல். இந்தக் காலத்துப் புரொசெசர்களில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி மதர்போர்டில் இல்லை, புரொசெசருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இரண்டாம் சனலின் கம்பிகள் ஸ்லொட்டிலிருந்து போர்ட் வழியாகப் போய், புரொசெசருக்கு அடியில் இருக்கும் 1151 சொக்கெட் பின்களில் தொட்டு முடிகின்றன. அதில் எங்கே தொடுகை விட்டாலும் நீங்கள் சொல்கிற இதே நோய்தான் வரும். ஒன்று கேட்கிறேன், ரேம் போடும்போது கடையில் வேறு ஏதாவது செய்தார்களா? புரொசெசருக்கு மேல் சூட்டைத் தணிக்க இருக்கும் கூலரைக் கழற்றினார்களா?

உவர்மலை டைப்பிங்:
ஓம் அண்ணா, செய்தார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெஷின் சூடேறி ஃபேன் கத்துகிறது என்று சொன்னேன், அதற்காகப் பழைய கூலரை எடுத்துவிட்டு உயரமான ஒன்று போட்டுத் தந்தார்கள். பின்னால் ஒரு தகடு, நான்கு திருகாணி.

உப்புவெளி ரிப்பேர்:
அங்கேதான் பார்க்க வேண்டும். உங்களுடையது போன்ற ஆறாம் தலைமுறைப் புரொசெசர் சிப் வெளிவந்தது 2015இல், அதன் அடித்தட்டு முந்தைய தலைமுறையை விட மெல்லியது. பாரமான கூலரின் அழுத்தத்தில் சிப்பும் சொக்கெட்டும் சேதப்படலாம் என்ற செய்தி அந்த வருடக் கடைசியிலேயே வந்து, ஒரு கூலர் கம்பனி அதற்கென்றே வேறு திருகாணிகளும் கொடுத்தது. ஒரு மூலையை இறுக்கி மற்ற மூலையை விட்டால் சிப் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும், சில பின்கள் பட்டும் படாமலும் நிற்கும். சூட்டில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி என்று இருப்பதும் அதனால்தான், உங்கள் காலை நேரக் கறுப்புத் திரையும் இதோடு பொருந்துகிறது.

மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் இளகியிருக்கும். பிளக்கை எடுத்துவிட்டுத் திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பி எடுங்கள். சிப்பை எடுத்து சொக்கெட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், பின்கள் எல்லாம் ஒரே வரிசையில் ஒரே மாதிரி மின்ன வேண்டும், ஒன்று தனியாக வேறு பக்கம் மின்னினால் அது வளைந்தது. விரலால் மட்டும் தொட்டுவிடாதீர்கள். வளைந்திருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். சரியாக இருந்தால் சிப்பை வைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, அதே குறுக்கு முறையில் நாலையும் சமமாக இறுக்குங்கள். திருகாணி தடுத்து நின்றதும் விட்டுவிட வேண்டும், பலம் காட்டக் கூடாது.

உவர்மலை டைப்பிங்:
அண்ணா, சரிவந்துவிட்டது! ஒரு பக்கத்து இரண்டு திருகாணியும் அசைக்கவே முடியாத இறுக்கம், மற்றப் பக்கம் விரலாலேயே சுற்றியது. பேஸ்டும் ஒரு பக்கம் தடிப்பாக, மறு பக்கம் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருந்தது. பின்கள் ஒன்றும் வளையவில்லை. சமமாக இறுக்கி, இரண்டு ரேமையும் போட்டு மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. இன்று காலை முதல் தரமே திரை வந்தது. இன்டிசைன், போட்டோஷொப், பெரிய பிடிஎப் எல்லாம் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போர்டுக்குக் கொடுக்க இருந்த காசு மிச்சம். உங்களை மறக்க மாட்டேன்.

நிலாவெளி:
நான் சொன்னதைக் கேட்டுத் திருப்பிக் கொடுக்காதது நல்லது அக்கா. சந்தோஷம்.

உப்புவெளி ரிப்பேர்:
மிக்க சந்தோஷம் தங்கச்சி. இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ரேமின் தொடுகை பிழையாக இருந்த நாட்களில் சேமித்த ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டிருக்கலாம். வின்டோஸுக்கு, அதன் சொந்த ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை அட்மின் உரிமையோடு ஓட்டுங்கள். அந்த நாட்களில் செய்த வினாத்தாள் ஒவ்வொன்றையும் திறந்து கடைசிப் பக்கம்வரை பாருங்கள், அச்சுக்குப் போன பிறகு தெரிந்தால் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம்.

உவர்மலை டைப்பிங்:
இப்போதே பார்க்கிறேன் அண்ணா. தரம் 9 விஞ்ஞானத் தாளில் ஒரு படம் பாதிதான் தெரிகிறது. மூலப் படம் டீச்சரிடம் இருக்கும், இன்றைக்கே கேட்டு வாங்கி மறுபடி போட்டுவிடுகிறேன்.