வடக்குத்தெரு நெல் குழு: செல்வம் வயல் புகையான் (நெல் தூரில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி)

[காலை 6:38] செல்வம்: (படம்) வடக்கு மடைக்குக் கிட்ட நடு வயல்ல வட்டம் வட்டமா மஞ்சளடிச்சு நிக்குது. பிபிடி நெல் ரகம், நட்டு 68 நாள், 2 மா (மூணு மா ஒரு ஏக்கர்). ரெண்டு இடத்துல பாய் விரிச்ச அளவுக்குத் தீஞ்ச மாதிரி ஆயிடுச்சு. புகையானா, வேற எதுவுமா? இன்னைக்கே அடிக்க ஆள் சொல்லி வச்சிருக்கேன்.

[காலை 6:44] கலா: அண்ணே, ஆளை நிறுத்தி வைங்க. முதல்ல குனிஞ்சு தூரைப் பாருங்க. இலையை மட்டும் பார்த்து முடிவு பண்ண முடியாது. தீஞ்ச இடத்து நடுவுல பார்க்காதீங்க, அங்க சாறு இல்ல, பூச்சி நகர்ந்திருக்கும். வட்டத்தோட ஓரத்துல இன்னும் பச்சையா நிக்கிற குத்தை (ஒரே இடத்துல நட்ட நெல் கொத்து) விலக்கிப் பாருங்க. தண்ணி மட்டத்துக்கு மேல ரெண்டு மூணு விரற்கடைக்குள்ள பழுப்பு நிறத்துல அடை மாதிரி ஒட்டியிருந்தா புகையான். தூர்ல கருப்பா புகை படிஞ்ச மாதிரி இருக்கும். அது பூச்சி விட்ட தேன் கழிவுல வளர்ற பூஞ்சணம்.

[காலை 6:51] கோவிந்தராசு: வணக்கம். கலா சொல்வது சரி. எண்ணாமல் மருந்து வேண்டாம். முறை இது: வயலில் குறுக்காக நடந்து 10 குத்து எடுங்கள். வட்டத்தின் ஓரத்தில் தனியாக 5 குத்து. இரண்டையும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் சராசரி ஏமாற்றும். ஒவ்வொரு குத்துக்கும் அடியில் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைத்துப் பிடித்து, தூரை நாலு தட்டு தட்டுங்கள். விழுகிற புகையான், அதைத் தின்னும் சிலந்தி, பச்சை நாவாய்ப்பூச்சி மூன்றையும் எண்ணுங்கள். குத்துக்கு எத்தனை தூர் (கிளைத்த தண்டு) என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

[காலை 6:53] மணி: ஐயா, பக்கத்து வயல் என்னுது. நானும் எண்ணட்டுமா? பச்சையா குட்டிப் பூச்சி நிறைய ஓடுது. அதுவும் தத்துப்பூச்சிதானே?

[காலை 6:57] கோவிந்தராசு: எண்ணுங்கள் மணி. ஆனால் பச்சையாக ஓடுவதெல்லாம் பகையல்ல. தலை கருப்பாக, உடம்பு பச்சையாக, கால் நீளமாக, தூரில் மேலும் கீழும் வேகமாக ஓடினால் அது மிரிட் நாவாய்ப்பூச்சி. புகையான் இலையுறைக்குள் வைத்த முட்டையைத் தேடி உறிஞ்சுவது அதன் வேலை. பச்சைத் தத்துப்பூச்சி ஆப்பு வடிவத்தில், பெரும்பாலும் மேல் இலையில் இருக்கும், தொட்டால் பக்கவாட்டில் தாவும். பச்சை என்று நினைத்து மிரிட்டைக் கொல்வதுதான் நம் வட்டாரத்தில் அடிக்கடி நடக்கிறது.

[காலை 7:40] செல்வம்: எண்ணிட்டேன்.
வட்டத்து ஓரம் 5 குத்து: தூர் 70, புகையான் 352, சிலந்தி 1.
மத்த இடம் 10 குத்து: தூர் 146, புகையான் 131, சிலந்தி 11.

[காலை 7:43] மணி: என் வயல் 10 குத்து: தூர் 150, புகையான் 190, சிலந்தி 13, பச்சை நாவாய் 22.

[காலை 7:50] கோவிந்தராசு: நல்ல கணக்கு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்தால் பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்து அடிக்க வேண்டிய அளவு. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். மணிக்கு 190ஐ 150ஆல் வகுத்தால் 1.27. சிலந்தி குத்துக்கு 1.3. மருந்து வேண்டாம். நாலு நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். செல்வத்துக்கு ஓரத்தில் தூருக்கு 5, சிலந்தியோ 5 குத்துக்கு 1தான். அங்கே அடிக்க வேண்டும். மற்ற இடத்தில் 0.9, சிலந்தியும் இருக்கிறது. அங்கே அடிக்கக் கூடாது.

[காலை 7:52] அருண்: ஐயா, ஒரு பகுதிக்கு மட்டும் அடிச்சா மீதிக்குப் பரவாதா? டவுன்ல கடையில் கேட்டேன். புரோபனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவை தர்றாங்க. முழு வயலுக்கும் அடிங்க, மறுநாளே பூச்சி விழும்னு சொல்றாங்க.

[காலை 7:58] கலா: அருண், அதை மட்டும் வாங்காதே. விழும், உண்மைதான். சிலந்தியும் மிரிட்டும் அதோட சேர்ந்தே விழும். முட்டை இலையுறைக்குள்ள பத்திரமா இருக்கும். ஒரு வாரம் பத்து நாள்ல அது பொரிக்கிறப்போ தின்ன ஆளே இருக்காது. பைரித்ராய்டு வகை எதுவா இருந்தாலும், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின், நெல்லுல புகையான் காலத்துல அடிச்சா முன்னைவிட அதிகமா திரும்பி வரும். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலயே தவிர்க்கச் சொல்லியிருக்கு.

[காலை 8:01] கோவிந்தராசு: இது ஆசியா முழுக்கப் பட்ட பாடம். 1986இல் இந்தோனேசியாவில் புகையான் கட்டுமீறியபோது, அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்தினார்கள். மருந்து மானியத்தையும் குறைத்தார்கள். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை விவசாயிக்கு வயலிலேயே சொல்லிக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளி அங்கே 1989இல் தொடங்கியது. நாம் இன்று காலை தட்டில் எண்ணியது அதே பாடம்தான்.

[காலை 8:09] பாலு (மருந்துக்கடை): கடைக்காரனா நானும் சொல்றேன். அந்தக் கலவைக்குப் பதிவு பருத்திக் காய்ப்புழுவுக்கு. நெல் புகையானுக்கு இல்ல. லேபிள்ல எந்தப் பயிர், எந்தப் பூச்சி, ஏக்கருக்கு எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு இருக்கும். அதுல இல்லாத பயிருக்குக் கடை பரிந்துரைக்கக் கூடாது. 1968 பூச்சிமருந்துச் சட்டப்படி மருந்தைப் பதிவு பண்றதே பயிரையும் பூச்சியையும் சொல்லித்தான்.

[காலை 8:11] அருண்: அந்த மருந்தைத் தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே. எப்படி விக்கிறாங்க?

[காலை 8:18] பாலு (மருந்துக்கடை): மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ்னு கலவையும் சேர்த்து ஆறு மருந்துக்கு மாநில அரசு தடை போட்டது. ஆனா 60 நாளுக்கு. சட்டத்தோட 27ஆம் பிரிவுல மாநிலத்துக்கு இருக்கிற அதிகாரம் அவ்வளவுதான். விசாரணை முடியலன்னா இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். நிரந்தரமா எடுக்கணும்னா மத்திய அரசுதான் எடுக்கணும். அப்படி மத்திய அரசு 2018 ஆகஸ்ட்ல 18 மருந்தைத் தடை பண்ணுச்சு. 12 உடனே, மீதி 6 2020 டிசம்பர் 31லேர்ந்து. அந்த ஆறுல நமக்குப் பழக்கமானது போரேட் குருணை, டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ்.

[காலை 8:20] செல்வம்: வீட்டுப் பரண்ல பழைய போரேட் குருணை அரைப் பை கிடக்குது. அதை நாத்தங்காலுக்குத் தூவலாம்னு நினைச்சேன்.

[காலை 8:22] கலா: வேண்டவே வேண்டாம் அண்ணே. சிவப்பு முக்கோணம், தோல் வழியாவே ஏறும். வாய்க்கால்லயும் கொட்டாதீங்க. பையைத் திறக்காம இன்னொரு கெட்டியான பைக்குள்ள போட்டு, குழந்தை கைக்கும் மாட்டுக்கும் எட்டாம பூட்டி வச்சு, வேளாண் விரிவாக்க மையத்துல சொல்லுங்க.

[காலை 8:24] மணி: முக்கோண நிறம் மருந்தோட வீரியத்தைத்தானே காட்டுது? பச்சைன்னா வேலை செய்யாதும்பாங்க.

[காலை 8:29] பாலு (மருந்துக்கடை): இல்ல மணி, அது மனுசனுக்கு எவ்வளவு விஷம்னு காட்டுறது. சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அடுத்தது, அப்புறம் நீலம், பச்சை கடைசி. பூச்சி சாகுறதுக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்ல. புகையானுக்கு இப்ப நல்லா கேட்கிற மருந்துகள் சிவப்புல இல்லவே இல்ல.

[காலை 8:31] செல்வம்: சரி, எதை வாங்கட்டும்? இமிடாகுளோபிரிட் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

[காலை 8:42] கோவிந்தராசு: இமிடாகுளோபிரிட்டைப் புகையான் பல இடங்களில் தாங்கப் பழகிவிட்டது. அதை விடுங்கள். ஏக்கருக்கு:
பைமெட்ரோசின் 50 டபிள்யூஜி 120 கிராம்,
அல்லது டைனோடெபியூரான் 20 எஸ்ஜி 60 முதல் 80 கிராம்,
அல்லது டிரைபுளூமெசோபைரிம் 10 எஸ்சி 94 மில்லி.
ஏதாவது ஒன்று மட்டும். கைத்தெளிப்பான் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர். அடுத்த முறை தேவைப்பட்டால் வேறு வகைக்கு மாறுங்கள். டைனோடெபியூரான் இமிடாகுளோபிரிட்டின் குடும்பம்தான், ஒன்றை அடித்துவிட்டு மற்றதை அடிப்பது மாற்றம் ஆகாது. புப்ரோபெசின் நல்ல மருந்து, ஆனால் குஞ்சு தோலுரிக்கும்போதுதான் கொல்லும். வளர்ந்த பூச்சி நிறைந்த உங்கள் வட்டத்துக்கு இப்போது பொருந்தாது.

[காலை 8:44] கலா: பைமெட்ரோசின் போட்டா பூச்சி உடனே சாகாது அண்ணே. சாறு உறிஞ்சுறதை நிறுத்தி, பட்டினியில ரெண்டு மூணு நாள் கழிச்சு விழும். மறுநாள் போய்ப் பார்த்துட்டு மருந்து சரியில்லன்னு இன்னொண்ணை அடிச்சிடாதீங்க. இந்த மருந்துல பணம் வீணாகிறது பெரும்பாலும் இங்கதான்.

[காலை 8:53] பாலு (மருந்துக்கடை): அளவுலயும் ஒண்ணு. டேங்குக்கு இவ்வளவுன்னு கேட்காதீங்க, ஏக்கருக்கு இவ்வளவுன்னு கேளுங்க. 10 லிட்டர் டேங்குல 200 லிட்டர்னா 20 டேங்க், டேங்குக்கு 6 கிராம். பவர் ஸ்பிரேயர்ல 12 லிட்டர் டேங்க் ஏக்கருக்கு ஏழே ஓடும்னு வைங்க. அப்பவும் 6 கிராமே போட்டா ஏக்கருக்கு 42 கிராம்தான் விழுது. மூணுல ஒரு பங்கு. பூச்சி சாகாது, தாங்கிப் பழகும். முதல்ல வெறும் தண்ணி ஊத்தி ஒரு மாவுக்கு எத்தனை டேங்க் ஓடுதுன்னு பாருங்க. ஒரு மாவுக்கு 40 கிராம். அதை அந்த டேங்க் எண்ணிக்கையால வகுத்தா டேங்குக்கு எவ்வளவுன்னு வந்துடும்.

[காலை 9:01] செல்வம்: ரெண்டு வட்டமும், சுத்தி 10 அடியும் சேர்த்தா 8 சென்ட் வரும். அப்போ?

[காலை 9:04] கலா: ஏக்கருக்கு 120ன்னா 8 சென்டுக்கு 9.6, 10 கிராம்னு வைங்க. தண்ணி 16 லிட்டர். மருந்துக்குன்னு தனி எடைக்கருவி வச்சுக்கங்க, அடுப்படித் தராசுல நிறுக்காதீங்க.

[காலை 9:12] கோவிந்தராசு: இனி அடிக்கும் விதம். இன்றே மடையை அடைத்து, வடிகாலைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். தண்ணீர் நின்றால் பூச்சி மேலே ஏறி அடர்த்திக்குள் ஒளியும், மருந்தும் அதில் கரைந்து போகும். நாளைக் காலை பனி உலர்ந்ததும், காற்று எழுமுன், பயிரைக் கையால் விலக்கி எட்டடிக்கு ஓர் அடி பட்டம் (இடைவெளி) பிரியுங்கள். வெயிலும் காற்றும் அடிவரை போகும், ஆள் நடக்கவும் வழி கிடைக்கும். கூம்பு நாசிலைத் தூர் மட்டத்துக்குத் தாழ்த்தி, வெளி ஓரத்தில் ஆரம்பித்து வட்டத்தின் நடுவை நோக்கி அடியுங்கள். நடுவில் ஆரம்பித்தால் பூச்சி வெளியே தள்ளப்படும். அடித்த பிறகு மூன்று நாள் தண்ணீர் கட்ட வேண்டாம். மழை மேகம் இருந்தால் தள்ளிவையுங்கள். மேலே இலை நனைவதால் பயன் இல்லை.

[காலை 9:14] மணி: யூரியா மூட்டை ஒண்ணு இந்த வாரம் போடலாம்னு இருந்தேன்.

[காலை 9:16] கோவிந்தராசு: நிறுத்துங்கள் மணி. தழைச்சத்து கூடினால் புகையான் பெருகும். உங்கள் வயல் தூருக்கு 1.27இல் நிற்கிறது, அடுத்த எண்ணிக்கை பார்த்துவிட்டு யோசிக்கலாம். நீங்களும் தண்ணீரை வடித்துக் காயவிட்டுப் பாய்ச்சுங்கள்.

[காலை 9:25] பாலு (மருந்துக்கடை): எந்தக் கடையில வாங்கினாலும் ரசீது கேளுங்க. மருந்துப் பேர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), உற்பத்தி தேதி, காலாவதி தேதி, விலை எல்லாம் அதுல வரணும். துண்டுச்சீட்டு ரசீது ஆகாது. பாக்கெட்டைப் பிரிச்சு சில்லறையா கொடுத்தா வாங்காதீங்க, லேபிள் இல்லாம விக்கிறது சட்டப்படி குற்றம். பூச்சியைக் கொல்லும்னு சொல்லி, பதிவு எண்ணே இல்லாம, "உயிரி ஊக்கி"ன்னு மட்டும் போட்ட பாட்டிலும் வேண்டாம். பூச்சியைக் கொல்லும்னு சொன்னாலே அதுக்குப் பூச்சிமருந்துப் பதிவு இருக்கணும். ஊக்கி வேற சட்டத்துல, உரக் கட்டுப்பாட்டு ஆணையில வருது.

[காலை 9:27] அருண்: மருந்து போலின்னு சந்தேகம் வந்தா?

[காலை 9:33] கோவிந்தராசு: ரசீதையும் தொகுதி எண்ணைப் படம் எடுத்ததையும் வைத்துக்கொண்டு வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். பூச்சிமருந்து ஆய்வாளர் உங்கள் பிரித்த பாட்டிலில் மாதிரி எடுப்பதில்லை, கடையில் அதே தொகுதியின் முத்திரை பிரியாத இருப்பிலிருந்து எடுப்பார். மாதிரி மூன்று பங்காகும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்காக. ஆய்வறிக்கை 30 நாளில் வர வேண்டும். அதனால் தாமதிக்காதீர்கள், கடையில் அந்தத் தொகுதி விற்றுத் தீர்ந்தால் மாதிரி கிடைக்காது.

[காலை 9:36] கலா: செல்வம் அண்ணே, அடிக்கிற தம்பிக்கு முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, முகமூடி, கண்ணாடி கொடுங்க. வேலை நேரத்துல பீடி, வெத்தலை வேண்டாம். நாசில் அடைச்சா வாயால ஊதக் கூடாது, மெல்லிசு குச்சியோ பழைய பல்துலக்கியோ போதும். தலைசுத்தல், எச்சில் ஒழுகல், வியர்வை, கண் மங்கல் வந்தா உடனே சட்டையைக் கழட்டி, சோப்பு போட்டுக் கழுவி, 108ஐக் கூப்பிட்டு, லேபிளைக் கையோட எடுத்துட்டுப் போங்க. டாக்டருக்கு எந்த மருந்துன்னு தெரிஞ்சாத்தான் சரியான முறிவு கொடுக்க முடியும்.

[காலை 9:38] செல்வம்: தெற்குத்தெரு வாத்து மந்தை நாளைக்கு நம்ம வாய்க்கால்ல இறங்குமே?

[காலை 9:40] மணி: நான் சொல்லிடறேன். அந்தப் பக்கம் விடாம மேலக்கரையில மேய்க்கச் சொல்லலாம்.

[காலை 9:44] பாலு (மருந்துக்கடை): பாக்கெட்டையும் பாட்டிலையும் வாய்க்கால்ல கழுவாதீங்க. மூணு தடவை அலசி, அந்தத் தண்ணியை டேங்குலயே ஊத்துங்க. ஓட்டை போட்டு, கிணறு, வாய்க்கால் இல்லாத இடத்துல புதைங்க.

[காலை 9:51] கோவிந்தராசு: நாலாம் நாள் செல்வம், மணி இருவரும் எண்ணிக் குழுவில் போடுங்கள், மற்றவர்களும் போடலாம். வரிசை இது: வயல், குத்து, தூர், புகையான், சிலந்தி, நாவாய். குருத்துப்பூச்சி (தண்டைத் துளைக்கும் வேறு பூச்சி) முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் அதையும் எழுதுங்கள். சதுர மீட்டருக்கு 2 வந்தால் அதைத் தனியாகப் பேசுவோம்.

[காலை 9:53] செல்வம்: சரிங்க ஐயா. வடிகாலைத் திறந்துட்டேன், தண்ணி இறங்குது. ஆளை நாளைக்குக் காலை வரச் சொல்லிட்டேன், ஒரு டேங்க் வேலைதான்னு.