வேகமாக ஓடும் பெண்பிள்ளையைப் பார்த்து "அது பெடியன்" என்று கத்தினால்?

உப்புவெளி டீச்சர்:
திருகோணமலையில் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 800 மீட்டர் பழக்குகிறேன். விடியக்காலையில் உப்புவெளிக் கடற்கரை மணல், பின்னேரம் மைதானம். போன மாதம் ஒரு போட்டியில் என் பிள்ளை ஒருத்தி கடைசி 150 மீட்டரில் எல்லாரையும் விட்டு விலகி வந்து வென்றாள். நல்ல உயரம், கட்டைக் குரல், முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர், "அது பெடியன், செக் பண்ணுங்கோ" என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் குந்தியிருந்து ஸ்பைக்ஸின் நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, கையும் நடுங்கியது. நான்தான் அவிழ்த்துவிட்டேன். "டீச்சர், அஞ்சலோட்டத்துக்கு வேறை ஆளைப் போடுங்கோ" என்றாள். பிறகு பயிற்சிக்கு வரவேயில்லை.

பிறந்ததும் வளர்ந்ததும் பெண்ணாகத்தான். திருநங்கை வீராங்கனைகள் பற்றிய செய்திகள் போனில் வரத் தொடங்கியதிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகள் மேலும் கண் விழுகிறது. "எது நியாயம் டீச்சர்?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மூதூர் பழைய ஓட்டக்காரன்:
கத்தியது பிழை. ஆனால் நியாயக் கேள்வியை ஒதுக்கவும் முடியாது டீச்சர். 800 மீட்டரில் ஆண்களின் உலக சாதனை 1:40.91, பெண்களுடையது 1:53.28. அந்த 12 செக்கனைப் பயிற்சியால் பிடிக்க முடியாது, பருவ வயதில் உடம்பு எடுக்கும் தசையும் எலும்பும் அது. அதனால்தான் 2023இல் உலக மெய்வல்லுநர் சங்கம், ஆண் பருவமாற்றத்தைக் கடந்த திருநங்கையரைச் சர்வதேசப் பெண்கள் போட்டிகளில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

நிலாவெளித் தங்கச்சி:
என் அக்கா திருநங்கை. பின்னேரத்தில் எங்களோடு வலைப்பந்து விளையாடுவா, பதக்கம் கேட்கவில்லை. உலகப் போட்டியின் விதியை ஊர் மைதானத்துக்கும் கொண்டுவந்தால் அவ எங்கே போவா, அண்ணா?

உப்புவெளி டீச்சர்:
தங்கச்சி, உங்கள் அக்காவை மைதானத்தை விட்டுப் போகச் சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. தம்பி சொன்னதும் உண்மைதான், பெண்களுக்குத் தனிப் போட்டி கட்டாயம் வேண்டும். ஆனால் 2006இல் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டைச் சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். பெண்ணாகவே வளர்ந்தவர். பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கத்தைப் பறித்தார்கள், அவருடைய உடம்பைப் பற்றி உலகமே கதைத்தது. 2025இலிருந்து உலகப் போட்டிகளுக்கு மரபணுச் சோதனை வைத்திருக்கிறார்கள். அதுகூட வாழ்நாளில் ஒரு தடவை, கன்னத்தின் உட்பக்கத்தில் துடைத்தோ இரத்தம் எடுத்தோ செய்வது. கம்பிக்கு வெளியே நிற்பவர் கத்திச் செய்கிற சோதனை எந்த விதியிலும் இல்லை. இதைத்தான் என் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன்.

அவளுடைய ஸ்பைக்ஸ் இன்னும் என் பையில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். அடுத்த போட்டியில் யாராவது கத்தினால், அந்த இடத்திலேயே எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன்.